இரண்டாம் நாற்காலி

உதவிப் பயிற்றுவிப்பாளர்களை நாமே வளர்க்கிறோம், நாமே வழியனுப்புகிறோம். பிறகு அவர்களிடமே தோற்கிறோம்.

2017 மார்ச் 19, ஞாயிற்றுக்கிழமை. பொரளை பி. சரவணமுத்து மைதானத்தில் பங்களாதேஷ் தன் 100ஆவது டெஸ்ட் போட்டியை நான்கு விக்கெட்டுகளால் வென்றது. இலக்கு 191 ஓட்டங்கள். தமீம் இக்பால் 82 எடுத்தார். டெஸ்ட் போட்டியொன்றில் அந்த அணி இலங்கையை வீழ்த்தியது அதுவே முதல் தடவை. இலங்கை தன் முதலாவது டெஸ்ட் போட்டியை 1982 பெப்ரவரியில் ஆடியதும் இதே புல்தரையில்தான் என்பதால், அந்தத் தோல்வி கொழும்புக்காரர்களுக்குக் கொஞ்சம் கூடுதலாகவே வலித்தது.

வென்ற அணியின் உடைமாற்றும் அறையில் யார் இருந்தார்கள் என்று பாருங்கள். தலைமைப் பயிற்றுவிப்பாளர் சந்திக்க ஹத்துருசிங்க. அந்த மைதானத்தின் சொந்தக்காரர்களான தமிழ் யூனியன் கழகத்துக்காக வருடக்கணக்கில் அங்கே துடுப்பெடுத்தாடியவர் அவர். காலையில் ஆடுகளத்தில் ஈரம் எவ்வளவு நேரம் நிற்கும், பந்து எப்போது திரும்பத் தொடங்கும் என்பதெல்லாம் அவருக்குப் பழகிய சங்கதி. துடுப்பாட்டத்தைக் கவனித்தவர் திலான் சமரவீர. உடற்தகுதிக்குப் பொறுப்பானவர் மரியோ வில்லவராயன். மூவரும் இலங்கையர். பங்களாதேஷின் வரலாற்று வெற்றிக்குப் பின்னால் நின்ற மூளைகளில் மூன்று நம் ஊரில் விளைந்தவை.

ஒரு விளையாட்டு அணியில் தலைவரைத் தெரியும், நட்சத்திர வீரரைத் தெரியும், தோற்றால் திட்டுவதற்குத் தலைமைப் பயிற்றுவிப்பாளரையும் தெரியும். அவருக்குப் பக்கத்து நாற்காலியில் குறிப்புப் புத்தகத்தோடு உட்கார்ந்திருப்பவரை எத்தனை பேருக்குத் தெரியும்? இந்தக் கட்டுரை அவரைப் பற்றியது.

ஹத்துருசிங்க 1968இல் பிறந்தவர், ஆனந்தாக் கல்லூரியின் பிள்ளை. 1991 முதல் 1999 வரை இலங்கைக்காக 26 டெஸ்ட் போட்டிகளிலும் 35 ஒருநாள் போட்டிகளிலும் ஆடினார். தொடக்கத் துடுப்பாட்ட வீரர், தேவைப்பட்டால் மிதவேகமாகப் பந்தும் வீசுவார். 1996இல் உலகக்கிண்ணத்தை வென்ற அணியில் அவருக்கு இடம் கிடைக்கவில்லை. விளம்பரப் பலகைகளில் அவர் முகம் வந்ததில்லை. இப்படிப்பட்டவர்கள்தான் பெரும்பாலும் நல்ல பயிற்றுவிப்பாளர்களாகிறார்கள் என்பது என் எண்ணம். திறமை கொட்டிக் கிடந்தவருக்கு, தான் எப்படி ஆடினோம் என்று விளக்கத் தெரிவதில்லை. ஒவ்வொரு ஓட்டத்தையும் யோசித்து எடுத்தவருக்கு அது தெரியும்.

2005இல் ஐக்கிய அரபு எமிரேட்ஸ் அணியைப் பயிற்றுவிக்கப் போனார். திரும்பி வந்து இலங்கை ‘ஏ’ அணியைப் பார்த்தார். பிறகு தேசிய அணியில் ட்ரெவர் பெய்லிஸுக்குக் கீழே சேர்ந்தார். நாளைக்குத் தலைமைப் பொறுப்பை ஏற்கக்கூடிய இலங்கையர் ஒருவர், வெளிநாட்டுப் பயிற்றுவிப்பாளரின் பக்கத்திலிருந்து தொழில் பழகட்டும் என்பதே அந்த ஏற்பாடு. நல்ல ஏற்பாடு. அது ஒழுங்காக நடந்திருந்தால், 2011 உலகக்கிண்ணத்துக்குப் பிறகு பெய்லிஸ் விலகியபோது நாம் ஆள் தேடி அலைந்திருக்க வேண்டியதில்லை.

நடந்தது வேறு. 2010 ஜூனில் அணி சிம்பாப்வேயில் முத்தரப்புத் தொடர் ஆடிக்கொண்டிருந்தது. ஹத்துருசிங்க அங்கிருந்து முன்கூட்டியே புறப்பட்டு, அவுஸ்திரேலியாவில் நடந்த பயிற்றுவிப்பாளர் பாடநெறிக்குப் போனார். கிரிக்கெட் சபை அவரைப் பதவியிலிருந்து நீக்கியது. சபை பக்கத்து நியாயம் ஒன்று உண்டு: தொடரின் நடுவில் அணியை விட்டுப் போவது ஒழுக்கமல்ல. ஆனால் அவர் உல்லாசப் பயணம் போகவில்லை. தன் தொழிலில் அடுத்த தகுதியைப் பெறப் போனார். கண்டித்து, சம்பளத்தைப் பிடித்து, படித்துவிட்டு வா என்று சொல்லியிருக்கலாம். கோபத்தில் எடுத்த ஒரு முடிவால், நாம் செலவழித்து உருவாக்கிய ஆளைக் கைநழுவ விட்டோம்.

அவர் குடும்பத்தோடு அவுஸ்திரேலியாவில் குடியேறினார். நியூ சவுத் வேல்ஸ் மாநில அணிக்கு உதவிப் பயிற்றுவிப்பாளரானார், பின்னர் சிட்னி தண்டர் அணியைப் பொறுப்பெடுத்தார். 2014இல் பங்களாதேஷ் அழைத்தது. அடுத்த ஆண்டே அந்த அணி உலகக்கிண்ணக் காலிறுதிக்குப் போனது. அதே 2015இல் சொந்த மண்ணில் பாகிஸ்தான், இந்தியா, தென்னாபிரிக்கா என்று மூன்று அணிகளையும் வரிசையாக ஒருநாள் தொடர்களில் தோற்கடித்தது. 2016இல் டாக்காவில் இங்கிலாந்தையும் 2017இல் அவுஸ்திரேலியாவையும் டெஸ்டில் வீழ்த்தியது. அவற்றுக்கு நடுவே வந்ததுதான் பொரளை வெற்றி.

இதே கதை கடலுக்கு அப்பால் வேறொரு விளையாட்டில் முன்பே நடந்திருக்கிறது. அமெரிக்கக் கால்பந்து என்பது நம் ரக்பிக்குத் தூரத்துச் சொந்தம். பந்தின் வடிவம் ஏறக்குறைய ஒன்று, மோதலும் ஒன்று. ஆனால் ஒவ்வொரு நகர்வுக்கும் ஆட்டம் நின்று நின்று தொடரும். அடுத்த நகர்வு என்ன என்பதை எல்லைக்கோட்டுக்கு வெளியே நிற்கும் பயிற்றுவிப்பாளரே தீர்மானிக்கிறார். பில் வால்ஷ் என்பவர் 1968 முதல் 1975 வரை சின்சினாட்டி பெங்கால்ஸ் அணியில் உதவிப் பயிற்றுவிப்பாளராக இருந்தார். தாக்குதல் ஆட்டம் முழுக்க அவர் மூளையில் உதித்தது. குறுகிய தூரத்துக்குத் துல்லியமாகப் பந்தை எறிந்து முன்னேறும் பாணியை அங்கேதான் அவர் வளர்த்தெடுத்தார். தலைமைப் பயிற்றுவிப்பாளரும் அணியின் நிறுவனருமான போல் பிரவுன் ஓய்வு பெற்றபோது, அடுத்தது வால்ஷ்தான் என்று பலரும் நினைத்தார்கள். பதவி இன்னொரு உதவியாளருக்குப் போனது. மனமுடைந்து வெளியேறிய வால்ஷ், சில ஆண்டுகளில் சான் பிரான்சிஸ்கோ 49ஏர்ஸ் அணியின் தலைமையை ஏற்றார். மூன்று தடவை சூப்பர் போல் கிண்ணத்தை வென்றார். அவற்றில் இரண்டு இறுதிப் போட்டிகளில், 1982 ஜனவரியிலும் 1989 ஜனவரியிலும், அவர் தோற்கடித்த அணி சின்சினாட்டி.

சின்சினாட்டிக்கு நடந்தது பொரளையில் நமக்கும் நடந்தது. உதவியாளரின் அருமை அவர் எதிரணியில் நிற்கும்போதுதான் புரிகிறது.

அமெரிக்கர்கள் இந்த வேலையை ஒரு முழு வாழ்க்கைத் தொழிலாகவே ஆக்கிவிட்டார்கள். அங்குள்ள தொழில்முறை அணியொன்றில் தாக்குதலுக்கு ஒருவர், தடுப்புக்கு ஒருவர், உதைகள் அடங்கிய சிறப்புப் பிரிவுக்கு ஒருவர் என்று மூன்று பெரிய உதவியாளர்கள் இருப்பார்கள். அவர்களுக்குக் கீழே ஒவ்வொரு இடத்துக்கும் தனித்தனிப் பயிற்றுவிப்பாளர். எல்லாம் சேர்த்தால் இருபதைத் தாண்டும். ஆட்டத்தின்போது சிலர் மைதான ஓரத்திலும் சிலர் மேலே கண்ணாடி அறையிலும் இருந்துகொண்டு காதொலிக் கருவியில் பேசிக்கொள்வார்கள். பந்தை எறியும் வீரரின் தலைக்கவசத்துக்குள் ஒரு வானொலி இருக்கும். அடுத்த நகர்வு தொடங்க 15 விநாடிகள் மிச்சமிருக்கும்போது அது தானாக அறுந்துவிடும். அதற்குள் சொல்ல வேண்டியதைச் சொல்லி முடித்துவிட வேண்டும். இன்று தலைமைப் பயிற்றுவிப்பாளர்களாக இருப்பவர்களில் பெரும்பாலோர் இந்தப் படிகளில் ஒவ்வொன்றாக ஏறி வந்தவர்கள்தான்.

மேலே ஏற விரும்பாமல், இரண்டாம் நாற்காலியிலேயே நிறைவோடு இருந்தவர்களும் உண்டு. ஸ்டீவ் பெலிச்சிக் 1956 முதல் 33 ஆண்டுகள் அமெரிக்கக் கடற்படைக் கல்லூரி அணியின் உதவிப் பயிற்றுவிப்பாளர். எதிரணியின் ஆட்டத்தைப் போய்ப் பார்த்து, குறிப்பெடுத்து, பலவீனத்தைக் கண்டுபிடித்துச் சொல்வதே அவர் வேலை. அந்தக் கலையைப் பற்றி 1962இல் ஒரு புத்தகமே எழுதினார். பக்கத்தில் உட்கார்ந்து திரைச்சுருள் ஓட்டிப் பார்த்து வளர்ந்த மகன் பில், 1975இல் வாரம் 25 டொலர் சம்பளத்துக்குப் பால்டிமோர் அணியில் எடுபிடி உதவியாளராகச் சேர்ந்தார். 1991இல்தான் அவருக்குத் தலைமைப் பதவி கிடைத்தது. பின்னாளில் நியூ இங்கிலாந்து அணிக்கு ஆறு சூப்பர் போல் கிண்ணங்களை வென்று கொடுத்தவர் அவரே. தகப்பனின் 33 வருட வேலை வீணாகப் போகவில்லை, வேறொரு பெயரில் வெளியே வந்தது.

2012இல் இந்தியாவை மையமாக வைத்து அமெரிக்கக் கால்பந்து லீக் ஒன்று தொடங்கப்பட்டபோது கொழும்பு லயன்ஸ் என்று நமக்கும் ஓர் அணி இருந்தது. அந்த விளையாட்டு இங்கே வேர் பிடிக்கவில்லை. அமெரிக்கர்கள் வளர்த்தெடுத்த துணைப் பயிற்றுவிப்பாளர் முறை மட்டும் அதற்கு முன்பே வேறு வழியாக வந்து சேர்ந்திருந்தது. அவுஸ்திரேலிய கிரிக்கெட் அணி, அமெரிக்காவைச் சேர்ந்த பேஸ்போல் பயிற்றுவிப்பாளர் மைக் யங்கைக் களத்தடுப்புக்காக அழைத்துக்கொண்டது. பிற அணிகளும் பின்னால் ஓடின. 1996இல் லாகூரில் நாம் உலகக்கிண்ணத்தை வென்றபோது நம்மிடம் பயிற்றுவிப்பாளர் டேவ் வட்மோர், உடற்சிகிச்சையாளர் அலெக்ஸ் கொன்டூரி, முகாமையாளர் துலீப் மெண்டிஸ் என்று ஒரு கை விரலுக்குள் அடங்கும் ஆட்களே இருந்தார்கள். இன்று துடுப்பாட்டம், வேகப்பந்து, சுழல், களத்தடுப்பு, காணொளி ஆய்வு என்று ஒவ்வொன்றுக்கும் ஆள் இருக்கிறது.

இந்த வேலை உண்மையில் எப்படி இருக்கும்? அதைப் பார்க்க சர்வதேச மைதானத்துக்குப் போக வேண்டாம். நுகேகொடையில், ஹைலெவல் வீதி இரைச்சலுக்குச் சற்று உள்ளே ஒரு பயிற்சி நெட். சனிக்கிழமை காலை ஆறரைக்கே உதவிப் பயிற்றுவிப்பாளர் வந்துவிட்டார். தரைவிரிப்பை இழுத்துக் கட்டுவது, பந்துகளைப் பழசு, அரைப் பழசு, புதுசு என்று பிரிப்பது எல்லாம் அவர் வேலை. வெள்ளவத்தைப் பிள்ளைகள் தகப்பனின் மோட்டார் சைக்கிளில் வந்து இறங்குகிறார்கள். கொட்டாஞ்சேனையிலிருந்து வரும் பையன் புறக்கோட்டைக்கு வந்து 138 பஸ் பிடித்து, தன்னைவிட நீளமான பையைத் தோளில் போட்டுக்கொண்டு நடந்து வருகிறான்.

பையனுக்குப் பதின்மூன்று வயதிருக்கும். முன்காலை எடுத்து வைக்கும்போது தலை இடது பக்கம் சரிகிறது. அதனால் நேராக வரும் பந்தும் கால்காப்பில் போய்ப் படுகிறது. உதவிப் பயிற்றுவிப்பாளர் அதைப்பற்றி அவனிடம் ஒரு சொல்லும் சொல்லவில்லை. பந்தைக் கவ்விப் பிடித்து எறிய உதவும் நீண்ட பிளாஸ்டிக் கோலை எடுத்துக்கொண்டு சற்றுத் தள்ளி நின்றார். ஓஃப் ஸ்டம்புக்குச் சற்று வெளியே ஒரு மஞ்சள் கோனை வைத்தார். அதன் பக்கமாகவே பந்தை எறிந்துகொண்டிருந்தார். பத்து, இருபது, முப்பது. கோனைப் பார்த்து அடிக்க வேண்டியிருந்ததால் பையனின் தலை தானாகவே நிமிர்ந்து நின்றது.

“சேர், இன்னும் அஞ்சு பந்து.”

“அஞ்சு வேணாம், பத்து எறியிறன். கோனை எடுக்கப்போறன், சரியா?”

கோனை எடுத்த பிறகும் தலை சரியவில்லை. முதல் தடவையாகப் பந்து மட்டையின் நடுவில் பட்டு நேரே போனது. எட்டரை மணிக்கு வந்த தலைமைப் பயிற்றுவிப்பாளர் அதைப் பார்த்து, “அடடா, நல்லா வந்துட்டானே” என்றார். உதவியாளர் சிரித்துவிட்டு அடுத்த பையனுக்குப் பந்து எடுக்கப் போனார். அவர் குறிப்புப் புத்தகத்தில் அந்தப் பையனின் பெயருக்கு நேரே ஒரு சரி அடையாளம் மட்டும் விழுந்தது.

இந்த நுட்பமான பொறுமையைத்தான் உலகத்தின் பெரிய அணிகள் விலை கொடுத்து வாங்குகின்றன. இந்திய அணியின் வலைப் பயிற்சியில் இடது கையால் பந்து எறிந்துவந்த நுவன் செனவிரத்ன, இலங்கையர். 2023 ஜனவரியில் திருவனந்தபுரத்தில் இந்தியா இலங்கையை 317 ஓட்டங்களால் நசுக்கியது. விராட் கோலி ஆட்டமிழக்காமல் 166, சுப்மன் கில் 116. அந்தத் தொடர் முடிந்த பிறகு இருவரும் ராகு, தயா, நுவன் ஆகிய மூன்று எறிபவர்களையும் கெமராவுக்கு முன்னால் அழைத்துவந்து நன்றி சொன்னார்கள். எதிரணி நட்சத்திரங்கள் நம் நாட்டுக்காரர் ஒருவரின் உழைப்பை உலகத்துக்குக் காட்டியதைப் பார்த்து மகிழ்ச்சியாகத்தான் இருந்தது. கூடவே நெஞ்சில் ஒரு குத்தலும்.

இந்தியா இந்த இரண்டாம் வரிசையை எப்படி நடத்துகிறது என்பதற்குப் பரத் அருண் நல்ல உதாரணம். தமிழ்நாட்டுக்காக ஆடி, 1987–88 ரஞ்சிக் கிண்ணத்தை வென்ற அணியில் இருந்தவர். டெஸ்ட் ஆடியது இரண்டே தடவை, இரண்டும் இலங்கைக்கு எதிராக. பந்துவீச்சுப் பயிற்றுவிப்பாளராக அவர் இடத்துக்கு வேறு பெரிய பெயர்கள் பேசப்பட்டபோதும், எனக்கு அருண்தான் வேண்டும் என்று 2017இல் தலைமைப் பயிற்றுவிப்பாளர் ரவி சாஸ்திரி பிடிவாதமாக நின்றார். அதன் பலன் 2021 ஜனவரியில் பிரிஸ்பேனில் தெரிந்தது. முன்னணிப் பந்துவீச்சாளர்கள் ஒவ்வொருவராகக் காயப்பட்டு விழ, சிராஜ், ஷர்துல் தாகூர், வொஷிங்டன் சுந்தர், சைனி, சேலத்துச் சின்னப்பம்பட்டியிலிருந்து வந்த நடராஜன் ஆகியோரை வைத்துக்கொண்டு, 1988க்குப் பிறகு அவுஸ்திரேலியா டெஸ்ட் தோற்றிராத மைதானத்தில் இந்தியா வென்றது. அந்த இளைஞர்களைத் தயாராக வைத்திருந்தவர்களில் அருண் முக்கியமானவர்.

நம்மிடமும் அப்படிப்பட்டவர்கள் இருந்தார்கள், இருக்கிறார்கள். கண்டி புனித அந்தோனியார் கல்லூரியில் மிதவேகமாகப் பந்துவீசிக்கொண்டிருந்த ஒரு சிறுவனைச் சுழற்பந்துக்கு மாறச் சொன்னவர் பள்ளிப் பயிற்றுவிப்பாளர் சுனில் பெர்னாண்டோ. அந்தச் சிறுவன்தான் 800 டெஸ்ட் விக்கெட்டுகள் எடுத்த முத்தையா முரளிதரன். பியல் விஜேதுங்க ஆடியது ஒரே ஒரு டெஸ்ட், 1993இல் மொரட்டுவையில் தென்னாபிரிக்காவுக்கு எதிராக. ஆனால் சுழற்பந்துப் பயிற்றுவிப்பாளராக ஒரு தலைமுறையின் விரல்களையே அவர் திருத்தியிருக்கிறார். அவரைத் தெருவில் பார்த்தால் நம்மில் எத்தனை பேர் அடையாளம் காண்போம்?

போல் பார்ப்ரேஸ் கதையை இங்கே சொல்லாமல் போக முடியாது. இங்கிலாந்தின் கென்ட் மாவட்டத்துக்காரர், விக்கெட் காப்பாளர். தேசிய அணிக்கு ஒருபோதும் ஆடாதவர். 2007இல் பெய்லிஸோடு உதவிப் பயிற்றுவிப்பாளராகக் கொழும்புக்கு வந்தார். 2009 மார்ச் 3 காலை, லாகூர் டெஸ்டின் மூன்றாம் நாள், மைதானத்தை நெருங்கிக்கொண்டிருந்த நம் அணியின் பஸ் மீது துப்பாக்கிக்காரர்கள் சுட்டார்கள். காவலுக்கு வந்த ஆறு பொலிஸார் உட்பட எட்டுப் பேர் இறந்தார்கள். அந்தத் தொடரின் இரண்டு டெஸ்டிலும் இரட்டைச் சதம் அடித்திருந்த திலான் சமரவீரவின் தொடையில் குண்டு பாய்ந்தது. தரங்க பரணவிதானவின் மார்பில் காயம். பார்ப்ரேஸின் கையில் உலோகச் சிதறல்கள் ஏறின. சாரதி மெஹர் முகமது கலீல் பஸ்ஸை நிறுத்தாமல் ஓட்டி மைதானத்துக்குள் கொண்டுபோய்ச் சேர்த்ததால்தான் எல்லோரும் பிழைத்தார்கள். ஆடுகளத்தின் நடுவில் இறங்கிய ஹெலிகொப்டரில் அவர்கள் வெளியேறினார்கள். நம் பிள்ளைகளோடு ஒரே பஸ்ஸில் இரத்தம் சிந்திய மனிதர் அவர். அந்த ஒரு காரணத்துக்காகவே அவரை நம்மில் ஒருவராகச் சொல்ல எனக்குத் தயக்கமில்லை.

நாடு திரும்பிக் கென்ட், யோர்க்‌ஷயர் என்று வேலை பார்த்தவரை, 2014 தொடக்கத்தில் தலைமைப் பயிற்றுவிப்பாளராக மறுபடி அழைத்தோம். மார்ச்சில் ஆசியக் கிண்ணம் வந்தது. ஏப்ரல் 6ஆம் திகதி மிர்பூரில் இந்தியாவை ஆறு விக்கெட்டுகளால் வென்று இருபது20 உலகக்கிண்ணமும் வந்தது. மஹேலவுக்கும் சங்கக்காரவுக்கும் அதுவே கடைசி இருபது20 சர்வதேசப் போட்டி. அந்த மகிழ்ச்சி அடங்குவதற்குள் பார்ப்ரேஸ் விலகினார். போனது இன்னொரு தலைமைப் பதவிக்கல்ல, இங்கிலாந்தின் உதவிப் பயிற்றுவிப்பாளராக. உலகக்கிண்ணம் வென்ற அணியின் முதல் நாற்காலியை விட்டுவிட்டு, தன் நாட்டின் இரண்டாம் நாற்காலிக்குப் போனார். நமக்குக் கசந்தது. ஒப்பந்தம் செய்து சில மாதங்களே ஆகியிருந்ததால் அந்தக் கசப்பில் நியாயமும் இருந்தது.

ஆனால் அடுத்து நடந்ததைப் பாருங்கள். அவர் இடத்தைத் தற்காலிகமாக நிரப்பியவர், துடுப்பாட்டப் பயிற்றுவிப்பாளராகவும் பிறகு உதவியாளராகவும் இருந்து தொழில் பழகியிருந்த மார்வன் அத்தபத்து. ஜூனில் அணி இங்கிலாந்துக்குப் போனது. லோர்ட்ஸில் ஒன்பது விக்கெட்டுகள் விழுந்த நிலையில் தோல்வியிலிருந்து தப்பியது. லீட்ஸில் அஞ்சலோ மத்தியூஸ் 160 எடுத்தார். கடைசி நாளில் மொயின் அலி ஆட்டமிழக்காமல் 108 ஓட்டங்களோடு ஒரு முனையில் நிற்க, ஜேம்ஸ் அண்டர்சன் ஓட்டமே எடுக்காமல் 55 பந்துகளைச் சமாளித்தார். ஆட்டம் முடிய இரண்டு பந்துகள் இருந்தபோது ஷமிந்த எரங்க வீசிய உயரப் பந்து அண்டர்சனின் மட்டையில் பட்டு எழும்பி ரங்கன ஹேரத்தின் கையில் விழுந்தது. இங்கிலாந்து மண்ணில் ஒன்றுக்கு மேற்பட்ட போட்டிகள் கொண்ட டெஸ்ட் தொடரை இலங்கை வென்றது அதுவே முதல் தடவை. அதை வென்று தந்தவர், இரண்டாம் நாற்காலியிலிருந்து ஒரே நாளில் முதல் நாற்காலிக்கு மாறிய உள்ளூர்க்காரர். எதிரணி அறையில் பார்ப்ரேஸ் இருந்தார்.

உள்ளூர் உதவியாளரை நம்பி வளர்த்தால் என்ன கிடைக்கும் என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டுமா?

பார்ப்ரேஸ் பின்னர் ஐந்து ஆண்டுகள் இங்கிலாந்தின் உதவியாளராக இருந்தார். 2015இல் இடைக்காலத் தலைமைப் பயிற்றுவிப்பாளராக அவர் இருந்த சில வாரங்களில்தான் இங்கிலாந்து பேர்மிங்ஹாமில் நியூசிலாந்துக்கு எதிராக 408 ஓட்டங்கள் குவித்தது. பயந்து பயந்து ஆடிய அணி துணிந்து அடிக்கத் தொடங்கியது அங்கிருந்துதான். நிரந்தரப் பதவி பழைய நண்பர் பெய்லிஸுக்குப் போக, அவர் மறுபடி இரண்டாம் நாற்காலியில் அமர்ந்தார். 2019 ஜூலையில் இங்கிலாந்து உலகக்கிண்ணத்தைத் தூக்கியபோது, சில மாதங்களுக்கு முன்பே வோர்விக்‌ஷயர் கழகத்துக்குப் போய்விட்ட அவர் அந்த உடைமாற்றும் அறையில் இல்லை. உதவிப் பயிற்றுவிப்பாளர் வாழ்க்கை பெரும்பாலும் இப்படித்தான். விதைக்கும் இடத்தில் அவர் இருப்பார், அறுவடைப் படத்தில் இருக்கமாட்டார்.

இந்தத் தொழிலில் நிம்மதி குறைவு. தலைமைப் பயிற்றுவிப்பாளர் விழுந்தால் அவரோடு சேர்ந்து உதவியாளர்களும் விழுவார்கள். அணியிலிருந்து நீக்கப்பட்ட வீரன் முதலில் வந்து அழுவது இவர்களிடம்தான். அதைக் கேட்டுக்கொள்ளவும் வேண்டும், தேர்வாளர்களின் இரகசியத்தைக் காப்பாற்றவும் வேண்டும். தலைமைப் பயிற்றுவிப்பாளரோடு கருத்து வேறுபட்டால் அறைக்குள் வாதாட வேண்டும், வெளியே வந்தால் அவர் முடிவைத் தன் முடிவாகப் பேச வேண்டும். ஊடகங்களுக்கு முன் வாய் திறக்கவும் பல இடங்களில் அனுமதி இல்லை.

இத்தனைக்கும் மேல் பணப் பிரச்சினை. 2021 பெப்ரவரியில் சமிந்த வாஸ் தேசிய அணியின் வேகப்பந்துப் பயிற்றுவிப்பாளராக நியமிக்கப்பட்டு, மேற்கிந்தியத் தீவுகளுக்கு அணி புறப்படவிருந்த வேளையில் பதவி விலகினார். கொடுப்பனவு பற்றிய கருத்து வேறுபாடே காரணம். உலகமே பொருளாதார நெருக்கடியில் இருக்கும்போது இப்படிச் செய்யலாமா என்று சபை பகிரங்கமாகக் கண்டித்தது. 355 டெஸ்ட் விக்கெட்டுகளை நாட்டுக்காக எடுத்தவரோடு இப்படி அறிக்கைப் போர் நடத்தியிருக்கக் கூடாது என்பதே என் கருத்து. அதே ஆண்டில் ரங்கன ஹேரத் பங்களாதேஷின் சுழற்பந்துப் பயிற்றுவிப்பாளராகப் போனார். 2024இல் காலி மைதானத்துக்கு டெஸ்ட் ஆட வந்த நியூசிலாந்து அணியோடு வந்திறங்கினார். 433 டெஸ்ட் விக்கெட்டுகள் எடுத்தவரின் அறிவு, அவர் விக்கெட்டுகளைக் குவித்த அதே காலியில், விருந்தாளிகளுக்குப் பயன்பட்டது.

ஹத்துருசிங்க 2017 டிசம்பரில் தலைமைப் பயிற்றுவிப்பாளராக வீடு திரும்பினார். ஏழு வருடங்களுக்கு முன் சிறு சம்பளத்தில் தக்கவைத்திருக்கக் கூடியவரை, இப்போது பெருந்தொகை கொடுத்து அழைத்துவந்தோம். 2019 பெப்ரவரியில் தென்னாபிரிக்காவில் டெஸ்ட் தொடரை 2–0 என்று வென்றதும், டர்பனில் குசல் பெரேரா ஆட்டமிழக்காமல் எடுத்த 153 ஓட்டங்களும் அந்தக் காலத்தவை. அதற்கு வெளியே தோல்விகள் நிறைய. தேர்விலும் தலைமையிலும் சச்சரவுகள். 2019 உலகக்கிண்ணத்தோடு அந்த உறவும் கசந்து முடிந்தது. மறுபடி பங்களாதேஷ் போய், 2024இல் பாகிஸ்தானை அதன் மண்ணிலேயே 2–0 என்று வென்று, அதே ஆண்டு ஒக்டோபரில் அங்கும் பதவி இழந்தார். அவர் குணத்தில் கரடுமுரடு உண்டு என்பதை அவரோடு வேலை செய்த அணிகளின் வரலாறே சொல்கிறது. ஆனால் நான் எழுப்பும் கேள்வி அவர் ஒருவரைப் பற்றியதல்ல. நாற்பது வயதில் உதவியாளராக இருந்தவரை ஒழுங்காக வளர்த்து, குறைகளைத் திருத்தி, காலம் வரும்போது பொறுப்பைக் கொடுத்திருந்தால், ஐம்பது வயதில் இவ்வளவு செலவும் சண்டையும் தேவைப்பட்டிருக்குமா?

ஆகவே கிரிக்கெட் சபைக்கும் விளையாட்டுத்துறை அமைச்சுக்கும் இந்தப் பக்கங்கள் வழியாக மூன்று கோரிக்கைகள். தேசிய அணியின் உதவிப் பயிற்றுவிப்பாளர்களுக்குத் தலைமைப் பயிற்றுவிப்பாளரின் தலைவிதியோடு கட்டப்படாத, குறைந்தது இரண்டாண்டுத் தனி ஒப்பந்தம் கொடுங்கள். வெளிநாட்டுப் பாடநெறிக்குப் போக விரும்பும் உள்ளூர்ப் பயிற்றுவிப்பாளருக்குச் சம்பளத்தோடு விடுப்பும் கட்டணமும் கொடுத்து, படித்து வந்ததும் இத்தனை வருடம் இங்கே வேலை செய்வேன் என்று எழுதி வாங்குங்கள். பள்ளிக்கூடங்களில் ஆறரை மணிக்கே வந்து தரைவிரிப்பு இழுக்கும் உதவியாளருக்குச் சம்பளத்தை மாதக் கடைசியில் தாமதமின்றிக் கொடுக்கும் ஒழுங்கைக் கட்டாயமாக்குங்கள்.

பெற்றோருக்கும் ஒரு வார்த்தை. அடுத்த சனிக்கிழமை பிள்ளையை நெட் பயிற்சிக்குக் கூட்டிப்போகும்போது தலைமைப் பயிற்றுவிப்பாளரோடு மட்டும் பேசிவிட்டுத் திரும்பாதீர்கள். பந்து எறிந்துகொண்டிருக்கும் அந்த உதவியாளரின் பெயரைக் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். உங்கள் பிள்ளையின் ஆட்டத்தில் என்ன குறை, என்ன நிறை என்று அவரிடம் விசாரியுங்கள். அவருக்குத்தான் அது முழுதாகத் தெரியும்.